யாரும் கொடுக்காத சம்பளம்

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். ‘என் தம்பிக்கு வாராவாரம் வெள்ளிக்கிழமை நான்தான் என் கையால் சம்பளம் கொடுத்தேன்.’ வக்கீல் கேசவமூர்த்தி அதைத் தமிழில் ஒருமுறையும் கன்னடத்தில் ஒருமுறையும் சொல்லிக் காட்டினார். முரளிதரன் தலையாட்டினான்.

“தலையாட்டினாப் போறாது. வாயால சொல்லுங்கோ.”

முரளிதரன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். வக்கீல் அறையின் ஜன்னலுக்கு வெளியே, அக்ரஹாரத்தின் குறுகிய தெருவில் ஒரு ஸ்கூட்டர் உதைத்து உதைத்தும் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. அது கிளம்பிப் போகும்வரை வக்கீல் காத்திருந்தார்.

“இதுல என்ன கஷ்டம்?” என்றார் வக்கீல். “பழனி லாரி ஓட்டினார். கால் போச்சு. வண்டி கம்பெனி வண்டி, அதுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. அவா கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான். இவர் சம்பளத்துக்கு ஓட்டின டிரைவரா, இல்லே முதலாளியா ஓட்டினாரான்னு. டிரைவர்னா நஷ்டஈடு உண்டு. முதலாளின்னா அந்தப் பாலிசியில பைசா கிடையாது.”

“அவன் முதலாளிதானுங்களே சார். பாதிப் பங்கு அவனுது.”

“பங்கு இருக்கட்டும். கம்பெனி வேற, மனுஷா வேற. பங்கும் வெச்சுண்டு அதே கம்பெனியில சம்பளமும் வாங்கலாம். வாங்கினாரா இல்லையா? அதான் கேள்வி. வவுச்சர் இல்லே, கையெழுத்து இல்லே. போறது, அண்ணா தம்பிக்குள்ள யார் வவுச்சர் போடறான்னு நான் வாதம் பண்ணிக்கறேன். நீங்க அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாப் போறும்.”

முரளிதரன் சொன்னான். தன் குரலைக் கேட்க அவனுக்கே என்னவோ போலிருந்தது. ‘என் கையால்’ என்ற இடத்தில் நாக்கு தட்டியது.

நடந்தது அதுவல்ல. பழனிக்கு அவன் ஒரு நாளும் கையால் சம்பளம் கொடுத்ததில்லை.

அவர்கள் அப்பா கரியப்பன் ஹனூரிலிருந்து ஒரே ஒரு பழைய லாரியோடு மைசூருக்கு வந்தவர். குண்டலுபேட்டையிலிருந்து காய்கறி ஏற்றி தேவராஜ மார்க்கெட்டில் இறக்குவார். இரண்டாவது லாரி வாங்கியபோது ஒரு டிரைவரைச் சேர்த்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. வீட்டு முன் அறையில் மேஜைக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருப்பார். டிரைவர் நின்றுகொண்டு சம்பளத்தையும் படியையும் வாங்கிக்கொண்டு போவான். மகன்களை மட்டும் அவர் அந்த மேஜைக்கு முன்னால் நிற்க விட்டதில்லை. முன் அறையின் சாமி மாடத்தில், மாதேஸ்வரன் படத்தின் கீழே இருந்த பித்தளைத் தட்டில் பணத்தை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விடுவார். பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டும். தன் கையிலிருந்து பெற்ற பிள்ளை கூலி வாங்கினால் அவனும் ஆள்களில் ஒருத்தனாகிவிடுவான் என்று அவருக்கு ஒரு பயம்.

அப்பா போனபின் மேஜைக்குப் பின்னால் முரளிதரன் உட்கார்ந்தான். பழனி தொடர்ந்து வண்டி ஓட்டினான். மூன்று லாரி ஆனபோது கடன் கிடைப்பது சுலபம் என்று ஆடிட்டர் சொல்ல, ‘கரியப்பன் அண்ட் சன்ஸ் ரோடுலைன்ஸ்’ பிரைவேட் லிமிடெட் ஆயிற்று. அண்ணனும் தம்பியும் இரண்டு டைரக்டர்கள். அப்போதே ஆடிட்டர், வண்டி ஓட்டுகிறவருக்குச் சம்பளம் என்று ஒன்று போட்டுவிடுங்கள் என்றார். “தம்பிக்குச் சம்பளம் போட்டா எங்கப்பன் எந்திரிச்சு வந்துருவாருங்க” என்று சொல்லி முரளிதரன் சிரித்தான். ஆடிட்டரும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமைகளில் தொட்டையனும் இன்னொரு டிரைவரும் வருவார்கள். தொட்டையன் அப்பா காலத்து ஆள். நோட்டை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “ஓனரே, ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டிருக்குமோன்னு பாத்தேன். உன்ற கையில அப்படியெல்லாம் ஒட்டாது” என்பான். பழனி வாசல்படியில் உட்கார்ந்து இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான். அவர்கள் போனதும் முரளிதரன் தொட்டையனுக்குக் கொடுத்ததோடு இன்னொரு நூறு சேர்த்து எழுநூறு ரூபாயைத் தட்டில் வைப்பான். விளக்கேற்றுவான். பிறகு கால் கழுவக் கொல்லைக்குப் போவான். கால் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? அவன் வேண்டுமென்றே நின்று, முகம் கழுவி, துண்டை உதறிக் காயப்போட்டு, மெதுவாக வருவான். பழனி எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

தட்டில் எப்போதும் மீதி இருக்கும். அதை முரளிதரன் எண்ணியதில்லை. தம்பி எடுத்தது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது அவன் மடியைத் தடவிப் பார்ப்பது மாதிரி என்று நினைத்தான். மீதியைச் சுருட்டி டீசல் பணத்தோடு போட்டுவிடுவான். தம்பி சிக்கனக்காரன், கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கிறான் என்று மனதுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

போன ஆடியில், மழையில், குண்டலுபேட்டை தாண்டி வண்டி கவிழ்ந்தது. முட்டைக்கோஸ் லோடு. கேபின் நசுங்கி, பழனியின் வலது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கவிழ்ந்த வண்டியைக் கடன் கொடுத்த பைனான்ஸ்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். இன்னொன்றை ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றார்கள். மிச்சம் ஒரே வண்டி. அதைத் தொட்டையன் ஓட்டுகிறான். அந்த ஒரு வண்டியின் வரும்படியில் அண்ணன் வீடும் தம்பி வீடும் நடக்க வேண்டும்.

பழனி அழுது யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டு முன் அறைக் கட்டிலுக்கு வந்த பத்தாம் நாளே எஸ்.டி.டி. பூத் பேச்சை ஆரம்பித்துவிட்டான். கால் இல்லாதவர்களுக்கு அனுமதி சுலபமாகக் கிடைக்கிறதாம். தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை வரிசைக்கு எதிரே ஒரு மூலைக் கடை. அட்வான்சும் டெபாசிட்டும் கட்டினால் போதும். “உக்காந்த எடத்துலயே ஊரூராப் போலாம்ணா. டீசல் வேண்டாம், டயர் வேண்டாம்” என்றான். அவன் மனைவி ஜீவிதா கடைக்காரனிடம் இரண்டு முறை போய்த் தவணை கேட்டு வந்திருந்தாள். இன்ஷூரன்ஸ் பணம் வந்தால் கடை. வராவிட்டால் என்ன என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

விசாரணைக்கு ஆட்டோவில் போனார்கள். பழனி மடித்துக் குத்திய பேண்ட்டோடு, ஊன்றுகோல்களை மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ஏண்ணா, பரீட்சைக்குப் போற பையனாட்டம் முணுமுணுத்துட்டே வர்ற?”

“சும்னே இருடா.”

“சத்தமாச் சொல்லேன், நானும் கேக்கறேன். இந்தப் பழனிங்கறவன் என்ற ஆளு, நான் கூலி குடுத்து வெச்சிருந்தேன். இவ்வளவுதான? அவனவன் தம்பியை அதைவிடக் கேவலமாச் சொல்றான்.”

ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். முரளிதரன் சிரிக்கவில்லை.

“பூத் வந்ததும் மொத போனு உனக்குத்தாண்ணா. ‘யாரு, ஓனருங்களா? இங்க இன்னொரு ஓனர் பேசறேனுங்’ அப்படிம்பேன்.”

முரளிதரன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். தம்பி இவ்வளவு பேசுகிறவன் அல்ல. பயந்தால்தான் பேசுவான். சின்ன வயதில் ஊசி போட அழைத்துப் போகும்போது இப்படித்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவான்.

தொழிலாளர் அதிகாரியின் அறை சிறியது. அதிகாரி ஓர் அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு வழக்குக் கட்டைப் பிரித்தாள். இன்ஷூரன்ஸ் தரப்பில் மஞ்சுநாத் என்ற இளம் வக்கீல். தம்பியை விசாரிக்கும்போது அண்ணன் அறையில் இருக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். அதிகாரி சரி என்றாள். முரளிதரன் வெளியே வந்து வராந்தாவில் சுவரை ஒட்டி நின்றான்.

உள்ளே பேசுவது கேட்கவில்லை. ஒருமுறை பழனியின் சிரிப்பு கேட்டது. பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை. எதிர்ச் சுவரில் யாரோ வெற்றிலை துப்பிய கறை, ஒரு மரத்தின் நிழல் போலக் கிளை விட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வாக்கியம் இப்போது மனப்பாடமாகியிருந்தது. ஒரு பொய்தான். இதில் யார் குடியும் கெடாது. அப்பா இல்லை. இருந்தாலும் கால் போன பிள்ளைக்காக அவரே சொல்லியிருப்பார். அப்படித் தேற்றிக்கொண்டான்.

அழைத்தார்கள். பழனி உள்ளேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு நிம்மதி; தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்ட முகம்.

கேசவமூர்த்தி கேட்டார். முரளிதரன் சொன்னான். தடுமாறவில்லை. “வாராவாரம் வெள்ளிக்கிழமை நான்தான் என் கையால் சம்பளம் கொடுத்தேன்.” கன்னடத்தில் சொன்னதால் சுலபமாக இருந்தது போலவும் பட்டது. தம்பியின் பக்கம் பார்க்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டாள். முடிந்துவிட்டது என்று நினைத்தான். உடம்பெல்லாம் லேசாயிற்று.

மஞ்சுநாத் எழுந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார். “வாரம் எவ்வளவு கொடுப்பீர்கள்?”

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கத் தேவையும் இல்லை. இது ஒன்றுதான் அன்றைக்கு அவன் உள்ளபடியே சொல்லக்கூடிய பதில்.

“எழுநூறு ரூபாய்.”

“குறைத்துக் கொடுத்ததுண்டா?”

“ஒரு வாரம்கூட இல்லை. லோடு இல்லாத வாரத்திலும் எழுநூறு.”

மஞ்சுநாத் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கேசவமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டதை முரளிதரன் கவனித்தான். ஏன் என்று புரியவில்லை.

“உங்கள் தம்பி இருநூறு என்கிறாரே. என்றைக்காவது நல்ல நாளாக இருந்தால் இருநூற்றைம்பது என்கிறார்.”

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முரளிதரன் முதல்முறையாகத் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். பழனியின் வாய் திறந்திருந்தது. அவன் பார்வை மஞ்சுநாத் மேலோ அதிகாரி மேலோ இல்லை. ‘எழுநூறா?’ என்று அண்ணனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த முகம்.

“கொடுத்தவர் எழுநூறு என்கிறார். வாங்கியவர் இருநூறு என்கிறார்” என்றார் மஞ்சுநாத். “நடுவே ஐந்நூறு எங்கே போயிற்று? கொடுத்திருந்தால்தானே தெரியும்?”

கேசவமூர்த்தி எழுந்து, வலியிலும் மருந்திலும் இருப்பவர், மறந்திருப்பார் என்று ஏதோ சொன்னார். அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முரளிதரனைப் பார்த்தாள். அதட்டவில்லை. சலித்த, ஆனால் கடுமையில்லாத குரலில் கேட்டாள். “உண்மையாக எப்படிக் கொடுப்பீர்கள்? யார் எண்ணுவார்கள்?”

அந்தக் குரலுக்கு அவனால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் இனி நிற்காது. மாடத்தைச் சொன்னான். தட்டைச் சொன்னான். கால் கழுவப் போவதையும் சொன்னான். சொல்லச் சொல்ல, அத்தனை வருஷமும் மரியாதை என்று நினைத்த அந்தக் காரியம், வெளியாள்கள் நடுவில் ஏதோ கள்ளத்தனம் போல ஒலிப்பதைக் கேட்டான்.

மஞ்சுநாத் கடைசியாகக் கேட்டது கேள்வியே இல்லை. “எந்த டிரைவர் தன் சம்பளத்தை, தனக்கு வேண்டிய அளவு, தானே எடுத்துக்கொள்வார்? அப்படி எடுத்துக்கொள்கிறவரைத்தான் முதலாளி என்கிறோம்.”

வெளியே வளாகத்தில் மரத்தடியில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு இருந்தது. கேசவமூர்த்தி, “உத்தரவு வரட்டும், பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். அவர் குரலிலேயே உத்தரவு இருந்தது. அண்ணனும் தம்பியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஊன்றுகோல்கள் நடுவில்.

ஆட்டோ ஒன்று வந்து நின்று, கேட்டுவிட்டு, போயிற்று.

“எழுநூறு வெச்சயா?” என்றான் பழனி.

“ம்.”

“அது பூரா எனக்கா?”

“பின்ன யாருக்குடா?”

பழனி ஓர் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, “எனக்கு எப்படித் தெரியும்?” என்றான். “வீட்டுச் செலவு, டீசல், டயரு, எல்லாத்துக்கும் சேத்து வெச்சிருக்கறேன்னு நெனச்சேன். அப்பன் இருக்கறப்பவும் அப்படித்தான் நெனச்சேன். அதுல எனக்கு எவ்வளவுன்னு நீ சொன்னயா? இல்ல யாராச்சும் சொன்னாங்களா?”

“கேக்கறதுதான?”

“எப்படிணா கேக்கறது? சாமி முன்னாடி இருக்கற பணத்தை, எனக்கு எவ்வளவுன்னு?”

முரளிதரன் தரையைப் பார்த்தான்.

“நீ கணக்குப் பாக்கக் கூடாதுன்னு அக்கட்ட கொல்லைக்குப் போற. அதனாலயே எனக்குக் கை நீளாது. பாத்துட்டிருந்தாக்கூட இன்னும் நூறு சேத்து எடுத்திருப்பேன்.” பழனி சிரிக்கப் பார்த்தான். “ஜீவிதா திட்டுவா. தொட்டையன் பொண்டாட்டி புதுக் கம்மல் போட்டிருக்கறா, ஓனர் பொண்டாட்டி நான் வெறுங்காதோட நிக்கறேன்னு. நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? கம்பெனி கஷ்டத்துல இருக்குதும்பேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லடா.”

“ஸ்கூல் பீஸுக்குத் தொட்டையன்கிட்டக் கைமாத்து வாங்கியிருக்கேன். ரெண்டு வாட்டி. அவன் யாருகிட்டயும் சொல்ல மாட்டான்.” மடித்துக் குத்திய பேண்ட்டை நீவினான். “அவன் அந்த மேஜை முன்னாடி நின்னு கையை நீட்டுவான் பாரு. படியில உக்காந்து பாத்துட்டிருப்பேன். நானும் ஒரு நாளைக்கு வரிசையில போயி நிக்கலாமான்னு இருக்கும். நின்னா நீ என்ன நெனைப்பயோன்னு நிக்கல.”

முரளிதரனுக்குத் தட்டிலிருந்த மீதி நோட்டுகள் ஞாபகம் வந்தன. சுருட்டியபோது ஒவ்வொரு வாரமும் கையில் கனமாகத்தான் இருந்தன. எண்ணாவிட்டாலும் கைக்குத் தெரிந்திருக்கிறது. டீசல் போடக் கையில் காசு இருந்த வாரங்களிலும் அதை எடுத்து டீசலில்தான் போட்டான். ஒரு தடவைகூட, ‘ஏன்டா இவ்வளவு விட்டிருக்கற?’ என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எல்லாமே மரியாதைதானா என்று இப்போது அவனுக்கே சந்தேகமாக இருந்தது. சொல்ல நினைத்தான். பெஞ்சில் அருகே உட்கார்ந்திருக்கும் தம்பியிடம் அதைச் சொல்லும் வார்த்தை தமிழிலும் வரவில்லை, கன்னடத்திலும் வரவில்லை.

“போலாம்ணா. பசிக்குது” என்றான் பழனி.

திரும்பும்போது ஆட்டோவில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

உத்தரவு தை மாதம் வந்தது. மனுதாரர் கம்பெனியின் உரிமையாளர், சம்பளம் பெற்ற தொழிலாளி என்பது நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளுபடி. மேலே பெங்களூருக்குப் போகலாம், ஆனால் அதற்கும் செலவு இருக்கிறது என்றார் கேசவமூர்த்தி. மார்க்கெட் மூலைக் கடையில் அதற்குள் ஒருவன் கேசட் கடை வைத்துவிட்டான். ஜீவிதா அந்தப் பக்கமாகப் பூ வாங்கப் போவதை நிறுத்தினாள். பழனி முன் அறையில் கட்டிலில் படுத்து, மாடத்துக்கு எதிர்ப்பக்கம், விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு குறைந்துபோயிற்று. பயந்தால் பேசுகிற தம்பி பேசாமல் ஆகிவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று முரளிதரன் யோசித்தான். பயப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான்.

அந்த வாரமும் வெள்ளிக்கிழமை வந்தது. தொட்டையன் மட்டும் மேஜை முன்னால் வந்து நின்றான். வாங்கிக்கொண்டான். நோட்டைத் தேய்த்துப் பார்க்கவில்லை, கிண்டலும் இல்லை. போகும்போது கட்டிலருகே நின்று, “பழனி, வரட்டா” என்றான். “ம்” என்றான் பழனி.

அவன் போனதும் முரளிதரன் மேஜை இழுப்பறையைத் திறந்தான். உள்ளே அதிகம் இல்லை. இருந்ததை எடுத்துக்கொண்டு எழுந்து, பழக்கத்தில் மாடத்துப் பக்கம் திரும்பினான். தட்டு பாதி தூரத்திலேயே கண்ணில் பட்டது. இரண்டு கையாலும் ஊன்றுகோலைப் பிடித்து நிற்கிறவன் எந்தக் கையை நீட்டி அதிலிருந்து எடுப்பான்? கட்டிலுக்குப் போனான். பணத்தைத் தம்பியின் கைக்கு நேராக நீட்டினான்.

“இந்தாடா.”

பழனி அந்தக் கையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“எதுக்குணா?”

“உனக்குத்தான். பூராவும் உனக்கு. முந்நூறு இருக்குது. எண்ணிக்க.”

“எந்த டிரிப்புக்கு?”

முரளிதரன் நின்றுகொண்டே இருந்தான். நீட்டிய கை வலிக்க ஆரம்பித்தது. பழனி கையை நீட்டவில்லை, கோபமாகவும் இல்லை. அந்தக் கேள்விக்கு உண்மையாகவே பதில் எதிர்பார்ப்பவன் போல அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு டிரிப் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

கடைசியில் முரளிதரன் கட்டிலருகே இருந்த ஸ்டூலில், மருந்துப் பாட்டிலுக்குப் பக்கத்தில், நோட்டுகளை வைத்தான். காற்றில் பறக்காமலிருக்கப் பாட்டிலை அவற்றின் மேல் நகர்த்தினான். மாடத்தில் விளக்கேற்றினான். பிறகு கொல்லைக்குப் போனான்.

குழாயைத் திறந்து காலை நீட்டினான். தண்ணீர் சில்லென்று இருந்தது. முகம் கழுவினான். துண்டை உதறிக் கொடியில் போட்டான். அதற்கு மேல் அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. உள்ளே எந்தச் சத்தமும் வரவில்லை. பாட்டில் நகரும் சத்தம்கூட இல்லை. இன்றைக்கு உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும். எவ்வளவு எடுத்திருக்கிறான், எடுத்தானா என்றே பார்க்க வேண்டும்.

திரும்பவும் குழாயைத் திறந்து, கழுவிய காலையே கழுவினான்.

“ஏனுங்க, தண்ணி சும்னே போகுதல்ல?” என்று சமையலறையிலிருந்து அவன் மனைவி சொர்ணலதா கேட்டாள்.

அவன் குழாயை மூடவில்லை.